ஏப்ரலில் படூக்கா: எங்கள் குடும்பக் குழுவில்

ஜனவரி, ஞாயிறு

சித்தி: அக்கா, டிக்கெட் போட்டாச்சா? ஏப்ரல் இருபதுக்குள் நாஷ்வில் வந்து சேர்கிற மாதிரி பார். இந்தத் தடவை உன்னைப் படூக்காவுக்குக் கூட்டிப்போகப் போகிறேன்.

அம்மா: அது என்ன, கோயிலா?

சித்தி: ஊர். கென்டக்கியில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டேகால் மணி நேரம். ஏப்ரல் கடைசியில் அங்கே குயில்ட் கண்காட்சி. புதன் முதல் சனி வரை. ஊரில் இருப்பவர்களே சுமார் 27,000 பேர்தான். அந்த வாரம் வந்து இறங்குகிற கூட்டம் அதைவிட அதிகம்.

அப்பா: போர்வை பார்க்கவா இத்தனை பேர்?

சித்தி: அத்தான், அங்கே வந்து போர்வை என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு குயில்டைத் தைக்க இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆக்கியிருப்பார்கள். ஓவியம் மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள்.

சித்தப்பா: சகலை, நானும் முதல் வருஷம் இதையே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அம்மா: ஒட்டுத் துணி தைக்கிறதுதானே? நம் வீட்டில் பழைய சேலையை நாலாக மடித்து, ஓரத்தில் பிட்டுத் துணி வைத்து ஆத்தா தைப்பாளே.

சித்தி: அதேதான் அக்கா. சேலைக்குப் பதில் மூன்று அடுக்கு. மேலே வெட்டி இணைத்த துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, கீழே பின்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுகிற தையல்தான் குயில்டிங்.

அண்ணன்: சித்தி, குயில்ட் கண்காட்சிகள் எல்லாவற்றிலும் பெரியது ஹூஸ்டனில் நடக்கிறதுதானே? அங்கே போகலாமே.

சித்தி: ஹூஸ்டன் பெரியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. அது இலையுதிர் காலத்தில் நடக்கும், அக்கா இருக்கப்போவது ஏப்ரலில். அதுவும் போக, ஹூஸ்டனில் பெரிய மண்டபத்துக்குள் நாள் முழுக்க நடந்துவிட்டு வெளியே வந்தால் மாடிக் கட்டடங்களும் டிராஃபிக்கும்தான். படூக்காவில் மண்டபமே ஆற்றங்கரையில் இருக்கிறது. வெளியே வந்து உட்கார்ந்தால் ஓஹையோ ஆறு. அக்காவுக்கு முட்டி வலி வேறு. அரை நாள் கண்காட்சி, அரை நாள் ஊர் என்று பிரித்துக்கொள்ள அந்த ஊர்தான் தோது.

நான்: சித்தி, ஓரிகானில் சிஸ்டர்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறதே. ஜூலை இரண்டாவது சனிக்கிழமை, ஊர் முழுக்கக் கடைகளின் வெளிச்சுவரில் குயில்டுகளைத் தொங்கவிடுவார்களாம். 1975-இல் இருந்து நடக்கிறது. எனக்கு அதைப் பார்க்க ஆசை.

சித்தி: எனக்கும்தான். ஆனால் ஒரே நாள் கண்காட்சிக்காக நாட்டின் அந்தக் கோடி வரை போகணும். அடுத்து பார்க்கலாம் பாப்பா.

அம்மா: நான் வருகிறேன். கையால் தைத்தது இருக்குமா? மிஷின் தையல் பார்க்க அவ்வளவு தூரம் வர மாட்டேன்.

சித்தி: கைத்தையலுக்குத் தனிப் பிரிவே உண்டு. சாதாரண மிஷினில் தைத்தது தனி. லாங்ஆர்ம் என்கிற நீளக்கை மிஷின் மாதிரி, துணி மேல் நகர்த்தி ஓட்டுகிற மிஷின் தனி. ஒன்றோடு ஒன்றை மோதவிட மாட்டார்கள்.

ஜனவரி, திங்கள்

அண்ணன்: ஹோட்டல் தேடினேன். படூக்காவில் ஒரு ரூம்கூட இல்லை. ஏப்ரலுக்கு ஜனவரியிலேயே இப்படியா?

சித்தி: போன கண்காட்சி முடிந்த கையோடு புக் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள் தம்பி. உள்ளூர்க்காரர்களே வீட்டில் அறை வாடகைக்கு விடுவார்கள். எனக்கும் அக்கா அத்தானுக்கும் அப்படி ஒரு வீட்டில் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டேன். நீங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இல்லினாய்ஸில் மெட்ரோபோலிஸ். பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும்.

அண்ணன்: மெட்ரோபோலிஸா? சூப்பர்மேன் ஊரா??

சித்தப்பா: அதேதான். 1972-இல் அந்த ஊர்க்காரர்கள் சூப்பர்மேனின் சொந்த ஊர் என்றே அறிவித்துக்கொண்டார்கள். கோர்ட் ஹவுஸ் எதிரில் 15 அடி வெண்கலச் சிலை. உள்ளூர்ப் பத்திரிகையின் பெயர்கூட சூப்பர்மேன் கதையில் வருகிற மாதிரி பிளானெட். பக்கத்தில் சூப்பர்மேன் மியூசியம் ஒன்று, பழைய பொம்மையும் சினிமாச் சாமானுமாக அடைத்துவைத்திருக்கிறார்கள். உன் பொடியனை அங்கே விட்டால் நமக்கு இரண்டு மணி நேரம் மிச்சம்.

அண்ணன்: முடிந்தது. பொடியன் இப்போதே சிவப்புத் துண்டைக் கழுத்தில் கட்டிவிட்டான்.

அண்ணன்: சரி, ஒரு பிளான் போட்டேன். வியாழன் கண்காட்சி. வெள்ளி காலை மேமத் குகை, உலகத்திலேயே நீளமான குகை, 400 மைலுக்கு மேல். சாயந்திரம் மெட்ரோபோலிஸ். சனி நாஷ்வில் சுற்றிப் பார்க்கிறோம்.

சித்தி: மேமத் குகை அங்கிருந்து மூன்று மணி நேரம். போக மூன்று, வர மூன்று. குகைக்குள் படி ஏறி இறங்கணும். அக்கா முட்டியை யார் தூக்குவது? அதை வெட்டு.

அப்பா: வெட்டு.

அம்மா: வெட்டு.

அண்ணன்: ஒரே நிமிடத்தில் மூன்று ஓட்டு. சரி, குகை இல்லை.

சித்தப்பா: அதற்குப் பதில் லேண்ட் பிட்வீன் த லேக்ஸ் போகலாம். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். டென்னசி ஆற்றிலும் கம்பர்லாந்து ஆற்றிலும் அணை கட்டியதில் இரண்டு ஏரி உண்டாகி, நடுவில் நீளமாக ஒரு காட்டுத் துண்டு மிச்சம். அங்கே 700 ஏக்கரை வேலி போட்டு பைசன் என்கிற காட்டெருமையும் எல்க் மானும் விட்டிருக்கிறார்கள். காரிலேயே மெதுவாகச் சுற்றிவரலாம், இறங்கவே வேண்டாம். சீக்கிரம் போனால் பைசன் ரோட்டிலேயே நிற்கும்.

அம்மா: அது நல்லது. உட்கார்ந்தபடியே பார்க்கிறது எதுவானாலும் எனக்குச் சரி.

அம்மா: கோயில்?

சித்தி: புறப்படுவதற்கு முந்தைய நாள் நாஷ்வில் கணேசர் கோயிலில் கும்பிட்டுவிடலாம் அக்கா.

சித்தப்பா: திரும்பும்போது ஓவன்ஸ்பரோ பக்கம் விடலாமா என்று மட்டும் கேட்கிறேன். ஆட்டுக்கறியைப் புகையில் போட்டு வேகவைப்பதற்குப் பேர்போன ஊர் அது. மற்ற இடத்தில் பெரும்பாலும் பன்றியும் மாடும்தான்.

சித்தி: அது வீட்டுக்குப் போகிற வழியே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேறு திசை.

சித்தப்பா: கேட்டேன், அவ்வளவுதான்.

அப்பா: சகலை, நாம் தனியாகப் பேசுவோம்.

ஏப்ரல், வியாழன்

சித்தி: உள்ளே வந்துவிட்டோம். அக்கா முதல் வரிசையிலேயே நின்றுவிட்டாள். நகர மாட்டேன் என்கிறாள்.

அண்ணன்: படம் போடுங்கள் சித்தி.

சித்தி: (படம்)

சித்தி: (படம்)

அண்ணன்: இது துணியா? பெயின்ட் மாதிரி இருக்கிறது.

நான்: நேரில் நின்று பார்த்தாலும் அப்படித்தான் அண்ணா. நான் காலையிலேயே செயின்ட் லூயிஸிலிருந்து வந்துவிட்டேன். அம்மா ஒரு குயில்டைத் தொடக் கையை நீட்டிவிட்டார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஓர் அம்மா ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே, நீங்கள் தொடக்கூடாது, நான் காட்டுகிறேன் என்று ஓரத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். தன்னார்வலர்களாம். ஒவ்வொரு வரிசையிலும் நிற்கிறார்கள். கையுறை போட்டவர் மட்டும்தான் குயில்டைத் தொடலாம். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமே, அதனால்.

அம்மா: நான் எழுதுகிறேன், உட்கார பெஞ்ச் கிடைத்தது. அந்தப் பெண் திருப்பிக் காட்டியது கைத்தையல். வெள்ளைத் துணி மேல் வெள்ளை நூல். தூரத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கிட்டே போனால் இலையும் கொடியுமாகத் தையல் மட்டும் மேடு பள்ளமாகத் தெரிகிறது. ஓர் அங்குலத்தில் எண்ணிப் பார்த்தேன், பத்துத் தையலுக்குக் குறையவில்லை. மூன்று அடுக்குக்குள் ஊசி போய் வருகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கமும் அதே அளவு, அதே இடைவெளி. முடிச்சைத் தேடினேன், ஒன்றுகூட இல்லை. நூலின் முடிச்சைச் சுண்டி இழுத்துப் பஞ்சுக்குள் ஒளித்துவிடுகிறார்கள் என்று உன் சித்தி சொன்னாள். நான் ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் போடும்போது முடிச்சு தெரிந்தால் டெய்லர் அண்ணாச்சி என்ன சொல்வார் என்று பயப்படுவேன். இவர்கள் கட்டில் அளவுக்குத் தைத்து ஒரு முடிச்சைக்கூடக் காட்டவில்லை.

அப்பா: இவ்வளவு நீளமாக எனக்கு ஒரு மெசேஜும் வந்ததில்லை.

சித்தி: முதல் பரிசு எவ்வளவு தெரியுமா? சுமார் இருபதாயிரம் டாலர்.

அண்ணன்: ஒரு குயில்டுக்கா?!

சித்தி: ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டால் குயில்ட் இங்கே இருக்கிற தேசிய குயில்ட் மியூசியத்துக்குப் போய்விடும். குயில்டை வீட்டுக்கு எடுத்துப்போக நினைத்தால் பணம் கிடையாது.

அண்ணன்: பணத்தை வாங்கிக்கொண்டு இன்னொன்று தைக்க வேண்டியதுதான்.

அம்மா: இன்னொன்று தைத்தால் அது இன்னொன்று. நான் கொடுக்க மாட்டேன்.

சித்தி: நான் கொடுப்பேன் அக்கா. வீட்டில் வைத்தால் மடித்துப் பீரோவில்தான் கிடக்கும். அங்கே நாலு பேர் பார்ப்பார்கள்.

அம்மா: உன் மாமியார் கையால் தைத்த மெத்தையை யாருக்காவது கொடுப்பாயா?

சித்தி: அது வேறு.

அம்மா: அதுதான் இது.

சித்தப்பா: இந்த வாக்குவாதம் எதிரே நடந்துகொண்டிருக்கிறது. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போனில் அடித்துக்கொள்கிறார்கள்.

ஏப்ரல், வெள்ளி

நான்: காலையில் மியூசியம். 1991-இல் திறந்தது. பில் ஷ்ரோடர், மெரிடித் ஷ்ரோடர் என்கிற தம்பதிதான் தொடங்கினார்கள். கண்காட்சியை நடத்தும் அமெரிக்கன் குயில்டர்ஸ் சொசைட்டியை 1984-இல் ஆரம்பித்ததும் அவர்களே. மறு வருஷம் முதல் கண்காட்சி. அதற்குப் பிறகுதான் இந்த ஊர் குயில்ட் ஊர் ஆனது.

சித்தி: நான் காட்ட நினைத்தது ஒன்று, சூரிய கிரகணத்தைக் குயில்டாகத் தைத்தது. கேரல் பிரையர் ஃபாலர்ட் தைத்தது. 1989-இல் முதல் பரிசு. அதுவரை கைத்தையலுக்குத்தான் அந்தப் பரிசு. மிஷினில் குயில்டிங் செய்தது வென்றதும் பெரிய சண்டையே வந்தது. இந்தத் தடவை அதை வெளியே மாட்டவில்லை. வெளிச்சம் பட்டால் துணி நிறம் மங்கும் என்று மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். அஞ்சலட்டை வாங்கிக் கொடுத்தேன்.

அம்மா: மிஷின் என்றாலும் அது பரவாயில்லை. படத்திலேயே தீ மாதிரி இருக்கிறது.

நான்: அம்மாவே மிஷினைப் பரவாயில்லை என்று சொன்னதைக் குழுவில் பதிவு செய்கிறேன்.

சித்தப்பா: 2017-லும் 2024-லும் முழு கிரகணப் பாதை இந்த ஊர் மேலேதான் போனது. தைத்தவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் போல!

அப்பா: நாங்கள் இருவரும் மியூசியத்திலிருந்து நழுவி வெள்ளத்தடுப்புச் சுவருக்கு வந்துவிட்டோம். ஆற்றங்கரை ஓரமாக உயரக் கான்கிரீட் சுவர். சுவர் முழுக்க ஊரின் கதையைப் படம் படமாக வரைந்திருக்கிறார்கள். ஐம்பதுக்கு மேல் இருக்கும். லூசியானாவைச் சேர்ந்த ராபர்ட் டாஃபர்ட் 1996-இல் தொடங்கியது. 1937-இல் வந்த வெள்ளத்தில் ஆறு 60.8 அடிக்கு ஏறியதாம். ஊரே காலி, 27,000 பேர் வெளியேறினார்கள். அதற்குப் பிறகு கட்டிய சுவர் இது. சுவருக்கு இந்தப் பக்கம் படம், திறப்பு வழியாக அந்தப் பக்கம் போனால் நிஜ ஆறு. டென்னசி ஆறு வந்து ஓஹையோவில் சேருகிற இடம். சரக்குப் படகுகளை ஒன்றோடொன்று கட்டி, ஒரே இன்ஜின் படகு பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு போகிறது. வைகைப் பாலத்தில் நின்று மணலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது போதும். நான் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

அம்மா: மாத்திரை போட்டீர்களா?

அப்பா: போட்டாச்சு.

அம்மா: சகலை, சாட்சி சொல்லுங்கள்.

சித்தப்பா: மதினி, நான் உங்களுக்குச் சகலை இல்லை. மாத்திரை போட்டார்.

அண்ணன்: (படம்) பொடியன், சூப்பர்மேன் காலடியில். உயரம் முழங்காலுக்குக்கூட வரவில்லை. இந்தச் சிலை ஏன் பறக்கவில்லை என்று கேட்கிறான்.

சித்தி: அக்காவைத் துணிக்கடைக்குக் கூட்டி வந்துவிட்டேன். யாரும் எங்களைக் கூப்பிடாதீர்கள்.

அம்மா: ஒரு கஜம் 13 டாலர். ஆயிரம் ரூபாய்க்கு மேல். நம் மதுரை புதுமண்டபத்துப் பக்கம் இந்த விலை சொன்னால் கடைக்காரரை அடிப்பார்கள்.

நான்: வாங்கினீர்களா அம்மா?

அம்மா: ஆறு கஜம்.

அம்மா: அப்புறம் 18க்கு 22 அங்குலத்தில் வெட்டி மடித்து வைத்திருந்தார்கள், ஃபேட் குவார்ட்டர் என்று. பிட்டுத் துணிக்கு ஒரு பெயர். அதில் கொஞ்சம்.

சித்தி: கொஞ்சமா? கூடை நிறைய.

ஏப்ரல், சனி

சித்தப்பா: ஆறரை மணிக்கே பைசன் பார்த்தாச்சு. ரோட்டின் குறுக்கே நின்றது, நாங்கள் இன்ஜினை நிறுத்திக் காத்திருந்தோம். மதினி காருக்குள்ளேயே புளிச்சாதம் பிரித்தார்கள்.

அம்மா: அதன் தோள்பட்டையில் ரோமம் பிய்ந்து பிய்ந்து தொங்குகிறது, பஞ்சு பிதுங்கின மெத்தை போல. பாவமாக இருந்தது.

சித்தப்பா: வெயில் காலம் வருவதால் ரோமம் உதிர்க்கிறது மதினி. அதற்கு ஒன்றுமில்லை.

நான்: இப்போது எங்கே?

அப்பா: சொல்ல முடியாது.

சித்தி: நான் சொல்கிறேன். பின்சீட்டில் நானும் அக்காவும் தூங்கிவிட்டோம். முழித்துப் பார்த்தால் போர்டில் ஓவன்ஸ்பரோ என்று இருக்கிறது.

சித்தப்பா: மதினிக்கும் ஒரு பிளேட் சொல்லியிருக்கிறேன்.

அம்மா: மிளகு போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கறி நன்றாக வெந்திருக்கிறது. சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டாவது பிளேட் சாப்பிடுகிறாள்.

அண்ணன்: அம்மா, பெட்டி எடை பார்த்தீர்களா? 23 கிலோதான் விடுவார்கள்.

அம்மா: பேட்டிங் ஒரு சுருள் வாங்கினேன், அதுதான் இடத்தை அடைக்கிறது.

சித்தி: அதை இங்கேயே வைத்துவிடு அக்கா. பஞ்சு மதுரையில் கிடைக்காதா?

அம்மா: பஞ்சை வைக்கிறேன். துணியில் கை வைக்காதே. உன் அத்தான் சட்டையை வேண்டுமானால் இரண்டு எடுத்து வெளியே போடு.

அப்பா: எந்தச் சட்டை?