ஏப்ரலில் ஆர்வியில் கலிஃபோர்னியா தங்கப் பாதை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஏப்ரல் நடுவில் 25 அடி ஆர்வி (உள்ளேயே தூங்கிச் சமைக்கும் வசதியுள்ள பெரிய வண்டி) வாடகைக்கு எடுத்து, பழைய தங்க வேட்டை ஊர்கள் வழியே போகும் நெடுஞ்சாலை 49-இல் ஓக்ஹர்ஸ்ட்டிலிருந்து நெவாடா சிட்டி வரை போகலாம் என்று இருக்கிறோம், கூடவே அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். முதல்முறை என்பதால் கொஞ்சம் பயம். எங்கே கவனமாக ஓட்ட வேண்டும், எதைத் தவறவிடக் கூடாது?

பதில் 1:
நல்ல நேரம் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், மலைச்சரிவெல்லாம் பச்சையாக இருக்கும், மெர்செட் ஆற்றுப் பக்கம் ஆரஞ்சு நிற பாப்பிப் பூக்கள்கூடக் கிடைக்கலாம். ஆனால் மாரிபோசா தாண்டி கோல்டர்வில் வரை சாலை ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும், கொண்டை ஊசி வளைவுகள் அதிகம், அதனால் சின்ன கியரில் மெதுவாகப் போங்கள், பின்னால் வருபவர்களுக்கு ஒதுங்கி வழி விடுங்கள். யோசெமிட்டி பக்கம் திரும்பினால் பழைய பிரீஸ்ட் கிரேடு என்ற மிகச் செங்குத்தான மலைச்சாலையில் ஏறவே ஏறாதீர்கள், புதிய பிரீஸ்ட் கிரேடு சாலைதான் சரி.

பதில் 2:
கொலோமாவுக்கு ஒரு முழு நாள் வையுங்கள். 1848 ஜனவரி 24-இல் ஜேம்ஸ் மார்ஷல் மர அறுவை ஆலையின் கால்வாயில் தங்கம் கண்ட இடம் அது. அதே பாதையில் உள்ள கொலம்பியா என்ற பழைய தங்க வேட்டை ஊரில் பிள்ளைகள் மணலை அரித்துப் பொன் தேடலாம், என் மகள் கிளம்பவே மறுத்துவிட்டாள். அப்புறம் கிராஸ் வேலியில் எம்பயர் தங்கச் சுரங்கம், 1956 வரை வேலை நடந்தது, சுரங்கவழிகள் மொத்தம் 367 மைல்!

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஆற்றில் பிள்ளைகளை இறக்கலாமா?

பதில் 1:
வேண்டாம் நண்பரே. வசந்தத்தில் பனி உருகி வரும் தண்ணீர், வேகமும் குளிரும் அதிகம். கரையிலேயே இருங்கள்.