புதுப்பிப்பு: எலக்ட்ரீஷியன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போக 482-ஆ, 491-ஆ?

மனைவி, பிள்ளைகளோடு போக எந்த விசா தோதானது என்று முன்பு கேட்டிருந்தேன். முதலாளி ஸ்பான்சர் செய்யும் 482-ஐத்தான் பலரும் சொன்னீர்கள். நான் 491-க்கே போகிறேன்; மாநிலம் பரிந்துரைக்க, பிராந்தியப் பகுதியில் தங்கி வேலை செய்வதற்கான தற்காலிக விசா இது. 482-இல் போல வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும் என்ற பயம் இதில் இல்லை. வயது, ஆங்கிலம், அனுபவம் என்று புள்ளி போட்டுத்தான் அழைப்பார்கள்; மாநிலப் பரிந்துரைக்கு 15 புள்ளிகள். குறைந்தபட்சம் வேண்டியது 65. ஐந்தாண்டு விசா, மூன்றாண்டு வருமானக் கணக்கு காட்டி 191 என்ற அடுத்த விசா மூலம் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். பிராந்தியப் பகுதி என்றால் பொட்டல்காடு இல்லை. பெர்த்தும் அடிலெய்டும் அதில் அடக்கம்.

மனைவியும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறார். நான்கு பிரிவிலும் 6 எடுத்தால் எனக்கு 5 புள்ளிகள் கூடும். சராசரி 4.5 கூட வராவிட்டால் கூடுதல் கட்டணம் தலையில் விழும். (என்னைவிட அவர் நன்றாகப் பேசுகிறார்.)

இப்போது, விசாவுக்கு என் தொழில்திறனைச் சோதிக்கும் திறன் மதிப்பீட்டுக்கான செய்முறைப் பயிற்சி. மெயினை அணைத்துப் பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்டி, டெஸ்டரை மின்சாரம் உள்ள இடத்தில் சரிபார்த்து, அணைத்த கம்பியில் வைத்து, மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் சரிபார்க்க வேண்டும். இங்கே சைட்டில் இதற்கெல்லாம் யார் பொறுமையாக நிற்கிறார்கள்?

தேறினால் கிடைப்பது உரிமம் அல்ல. அங்கே போய்த் தற்காலிக உரிமம் வாங்கி, மேற்பார்வையில் வேலை செய்துகொண்டே விடுபட்ட பாடங்களை முடிக்க வேண்டும். ஏஜெண்டுகள் இதை வாய்திறந்து சொல்வதில்லை.