அகதிக் கலைஞர்கள் எங்களோடு தங்க வருகிறார்கள், அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். பட்டறைகளும் தறிகளுமாகக் கிராமத்தில் சேர்ந்து வாழும் எட்டுக் கலைஞர்கள் நாங்கள். போரில் வீட்டை இழந்த ஓர் ஓவியரும், பாடகியான அவர் மனைவியும் அடுத்த மாதம் எங்களிடம் வருகிறார்கள். அறை, அடுப்பு, போர்வை எல்லாம் தயார். அப்புறம் என்ன செய்வது என்பதில்தான் தயக்கம்.

முன்னோடிகள் இருக்கிறார்கள். தன் குழுவிலிருந்த யூதர்களை நீக்க மறுத்து 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய நடனக் கலைஞர் குர்ட் யோஸுக்கு இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் உள்ள டார்டிங்டன் என்ற கலை, கல்வி மையம் அடைக்கலம் தந்தது. அதே ஆண்டு ஜெர்மனியிலிருந்து வந்த ஓவியர் ஜோசப், நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ் தம்பதியை அமெரிக்காவின் வட கரோலினாவில் இருந்த பிளாக் மவுண்டன் கல்லூரி ஏற்றுக்கொண்டது. அங்கே அவர்களைச் சும்மா உட்கார வைக்கவில்லை, கற்றுக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் வந்தவுடனேயே வேலை பற்றிப் பேசலாமா? எவ்வளவு நாள் சும்மா விடுவது? கிராமத்து அமைதி சிலருக்கு மருந்து, சிலருக்கு அதுவே பாரம். அவர்கள் மொழி பேச அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. பார்க்க வருபவர்கள் போர்க் கதையையே கேட்டுக் குடைந்தால் எப்படித் தடுப்பது?

சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருப்பதால் பெயரோ படமோ எங்கும் போட மாட்டோம்.

இன்னொன்று, அடைக்கல விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஓவியம் விற்றுப் பணம் வாங்கினால் சிக்கல் வருமா? இதைக் கையாண்ட வழக்கறிஞர் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அடைக்கலம் பெற்ற கலைஞர்களே பதில் சொன்னால் இன்னும் நல்லது.