புதுப்பிப்பு: தினசரி இயல்பு அளவு, வெப்பநிலை முடிந்தது, மழை பாக்கி

தினசரி இயல்பு அளவுக்காக, அதாவது ஒவ்வொரு தேதிக்கும் வழக்கமான வெப்பநிலையும் மழையும் எவ்வளவு என்று காண, 1991–2020 வானிலைத் தரவில் தேதிவாரியாக 30 ஆண்டுச் சராசரி எடுத்தால் வரைபடம் ரம்பப் பல் மாதிரி வருகிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். வெப்பநிலைக்கு வழி கிடைத்துவிட்டது: சராசரிகள் மீது சீராக ஏறி இறங்கும் சில சைன், கோசைன் அலைகளைப் பொருத்தி, மாதச் சராசரியோடு ஒத்துப்போகச் செய்தேன். அலைகளைக் கூட்டிக்கொண்டே போனால் பழைய இரைச்சல் (அந்த ரம்பப் பல் ஏற்ற இறக்கம்) திரும்பிவிடும். மூன்று, நான்கு போதும்.

மழைதான் அடம்பிடிக்கிறது. ஏதோ ஓர் ஆண்டு ஒரே நாளில் 150 மி.மீ. கொட்டியிருந்தால், அந்தத் தேதியின் சராசரியில் அதுமட்டுமே 5 மி.மீ. பக்கத்துத் தேதியோ கிட்டத்தட்ட பூஜ்யம்! அதனால் 29 நாள் நகரும் சாளரம் வைத்து (அதாவது ஒவ்வொரு தேதியோடும் அதைச் சுற்றியுள்ள நாள்களையும் சேர்த்து), மழை பெய்யும் வாய்ப்பைத் தனியாகவும் பெய்தால் எவ்வளவு என்பதைத் தனியாகவும் கணக்கிடுகிறேன்.

அப்புறம் பிப்ரவரி 29. மொத்தம் எட்டு முறைதான் வருகிறது; முந்தைய, அடுத்த நாள்களின் சராசரியையே போட்டுவிட்டேன்.