மறு: மறு: ‘ஆண்குறி முளை’ சரிதானா?

குழுவினருக்கு வணக்கம்.

நேற்று இரவு ஒரு வரிக் கேள்வி போட்டுவிட்டுப் படுத்தேன். விடிவதற்குள் பதினோரு மடல்கள். செவிலியர் மாணவிகளுக்கான கருவியல் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன், அதில் ஜெனிட்டல் டியூபர்கிள் (கருவில் பிறப்புறுப்பாக வளரும் சிறு முளை) என்பதற்கு என்ன போடலாம் என்றுதான் கேட்டிருந்தேன். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பழைய மொழிபெயர்ப்பில் ‘ஆண்குறி முளை’ என்று இருக்கிறது. படித்தால் புரிகிறது. மாற்ற என்ன அவசியம்?

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. ஏழாவது வார முடிவில் கரு ஒரு மொச்சைக்கொட்டை அளவு. தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை சுமார் 2 செ.மீ. கால்கள் முளைக்கும் இடத்துக்கு நடுவே சின்னதாக ஒரு முளை, அதன் கீழே ஒரு பிளவு, பிளவின் இரு கரையிலும் மடிப்புகள், அவற்றுக்கும் வெளியே இரண்டு மேடுகள். ஆணாக வேண்டிய எக்ஸ்-ஒய் கருவிலும் இதேதான், பெண்ணாக வேண்டிய எக்ஸ்-எக்ஸ் கருவிலும் இதேதான். பார்த்து ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்பதாம் வாரத்துக்கு மேல்தான் வேறுபாடு தலைகாட்டும், பன்னிரண்டாம் வாரம் வாக்கில் தெளிவாகும். அந்த முளை ஒரு கருவில் ஆண்குறியாக நீளும், இன்னொன்றில் கிளிட்டோரிஸாக நின்றுவிடும். மேடுகள் நடுவில் வந்து ஒட்டினால் விதைப்பை, ஒட்டாமல் நின்றால் வெளி உதடுகள்.

இந்த நிலையில் ‘ஆண்குறி முளை’ என்பது, பெண் பார்க்கவே போகாமல் கல்யாணப் பத்திரிகை அடித்த கதை.

தமிழில் இதற்கு ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஆண்குறி, பெண்குறி என்கிறோம். ‘குறி’ பொது, பால் முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. (பெண்குறி என்று நாம் சொல்வது கிளிட்டோரிஸை மட்டும் அல்ல என்பது தெரியும். நான் பார்ப்பது சொல்லின் அமைப்பை.) முன்னால் இருப்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏழாம் வாரக் கருவில் இருப்பதேதான். ஆகவே ‘குறிமுளை’. இலை வருமா பூ வருமா என்று முளையைப் பார்த்து யாரும் சத்தியம் செய்வதில்லை.

மடிப்புக்குக் ‘குறிமடிப்பு’ என்று போட்டுவிட்டேன். மேட்டுக்கு ஒருவர் ‘குறிப்புடைப்பு’ என்று எழுதியிருந்தார். குறி, புடைப்பு, நடுவில் ஒற்று மிகும், இலக்கணம் சுத்தம். ஆனால் என் மகளிடம் காட்டினேன், அவள் “யாருடைய குறிப்பை உடைத்தார்கள்?” என்று கேட்டாள். அத்தோடு அது போயிற்று. ‘குறிமேடு’ இருக்கட்டும்.

> ஹார்மோன் எதற்கு? இயக்குநீர் என்ற நல்ல சொல் இருக்கிறதே.

இருக்கிறது. ஆனால் வார்டில் நிற்கும் பிள்ளைகள் அன்றாடம் கேட்பது ஹார்மோன். யாழ்ப்பாணத்து நண்பர் ஓமோன் என்பார், அதுவும் சரி. இந்தச் சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

> மஸ்குலினைசேஷன் = ஆண்மையாக்கம். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

இதில்தான் எனக்கு நிறைய இருக்கிறது. எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்கும் போய்ச் சுவரைப் பாருங்கள். ‘ஆண்மைக் குறைவா? உடனே அணுகவும்’. ஆண்மை என்ற சொல்லில் வீரமும் வீரியமும் ஏறி உட்கார்ந்து வெகுகாலம் ஆகிறது. வளரும் கருவில் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எட்டாம் வாரம் வாக்கில் விந்தகத்தின் லீடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. அதன் பலனாகச் சில குழாய்கள் நிலைக்கின்றன, ஒரு முளை நீள்கிறது, ஒரு பிளவு மூடுகிறது. உருவம்தான் உருவாகிறது. எனவே ‘ஆணுருவாக்கம்’ என்பது என் கட்சி. ‘ஆணுருப்பெறல்’ அழகாக இருக்கிறது என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். அழகுதான், ஆனால் தானாக நடப்பதுபோல் ஒலிக்கிறது. இங்கே ஒன்று செய்விக்கிறது, இன்னொன்று செய்யப்படுகிறது.

செய்விப்பது ஒன்றல்ல, இரண்டு என்பதைக் காட்டியவர் பிரான்சின் ஆல்ஃபிரட் ஜோஸ்ட். 1940-களில் தாய் முயலின் வயிற்றுக்குள் இருக்கும்போதே குட்டிக் கருக்களின் விந்தகத்தை எடுத்துப் பார்த்தார். மரபுப்படி ஆணான குட்டியும் கருப்பை, கருக்குழாய் என்று பெண் அமைப்போடு வளர்ந்தது. சரி, டெஸ்டோஸ்டிரோன் இல்லாததுதான் காரணம் என்று அதைக் கொடுத்துப் பார்த்தால், விந்துநாளமாக வேண்டிய வுல்ஃப் நாளம் நிலைத்தது, ஆனால் கருப்பையாக வேண்டிய முல்லர் நாளமும் போகாமல் நின்றது. அப்படியானால் அதைப் போக்க விந்தகத்திலிருந்து வேறொன்று வர வேண்டும். விந்தகத்தின் செர்டோலி செல்கள் சுரக்கும் ஆன்டி முல்லேரியன் ஹார்மோன்தான் அது.

(மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றில் வுல்ஃப் நாளத்தைக் கொடுத்துப் பார்த்தேன், ‘ஓநாய்க் குழாய்’ என்று வந்தது. 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் காஸ்பர் ஃபிரெடரிக் வுல்ஃப் மன்னிப்பாராக. ஆட்பெயர்களைத் தொட வேண்டாம்.)

இந்த ஹார்மோனுக்கு ‘எதிர் முல்லர் ஹார்மோன்’ வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறோம். முல்லரோடு அதற்கு என்ன பகை? ‘முல்லர் ஒடுக்கி’ என்ற ஆலோசனை வந்தபோது நானே துள்ளினேன். நாலு பக்கம் தள்ளி மொழிபெயர்த்தபோதுதான் இடித்தது.

டெஸ்டோஸ்டிரோன் உள்ளே இருக்கும் நாளங்களுக்கு நேராகவே வேலை செய்கிறது. விந்தக மேற்சுருள், விந்துநாளம், விந்துப்பை எல்லாம் அதனால்தான். வெளியே குறிமுளைக்கும் மேடுகளுக்கும் அது போதாது. 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதி அதை டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றித்தர வேண்டும். வீரியம் கூடிய வடிவம் அது. இப்போது பாருங்கள், நம் வேதியியல் பாடங்களில் ரிடக்ஷன் என்றால் ஒடுக்கம். அப்போது அந்த நொதி ‘ஒடுக்கு நொதி’. ஒரே அத்தியாயத்தில் ஓர் ஒடுக்கி கருப்பையைத் தடுக்கிறது, இன்னோர் ஒடுக்கி ஆண்குறியை வளர்க்கிறது! பரீட்சைத்தாளில் என்னென்ன எழுதுவார்கள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. ‘முல்லர் வாட்டி’ என்றால் இன்னொரு வாட்டி யோசிக்கச் சொல்வீர்கள். நாளம் தேய்ந்து போகிறது, அவ்வளவுதானே. ‘முல்லர் தேய்வு ஹார்மோன்’ என்று எழுதிவிட்டேன்.

அந்த நொதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கில் சலினாஸ் என்ற கிராமம். அங்கே சில குழந்தைகள் பார்வைக்குப் பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பருவ வயதில் குரல் உடைந்து, ஆண்குறி நீண்டு, விந்தகம் இறங்கி நின்றார்கள். ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி குழுவினர் 1974-இல் காரணத்தை வெளியிட்டார்கள். உள்ளே விந்தகமும் விந்துநாளமும் ஒழுங்காக இருந்தன. தேய்வு ஹார்மோனும் தன் வேலையை முடித்திருந்ததால் கருப்பை இல்லை. வெளிப்புறத்துக்குத் தேவையான மாற்று வடிவம்தான் கருவில் கிடைக்கவில்லை. பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் வெள்ளமாக வந்தபோது விட்டுப்போன வேலையில் பாதி நடந்தது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் குவேவெதோசே. ‘பன்னிரண்டு வயதில் விதை’ என்று கொள்ளலாம் (ஸ்பானிய வழக்கில் விதைக்கு முட்டை). எந்தக் கலைச்சொல் குழுவும் கூடாமல் பிறந்த சொல். என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது, இரண்டும் அதில் இருக்கின்றன. நாம் நேற்றிலிருந்து முட்டிமோதுவதும் அதற்குத்தான்.

கடைசியாக ரேஃபி. ஆண்குறியின் அடிப்பக்கத்திலிருந்து விதைப்பையின் நடுவாக ஆசனவாய் வரை ஒரு கோடு ஓடுமே, அது. எல்லா ஆண்களுக்கும் உண்டு, பெரும்பாலானோர் கவனித்தே இருக்க மாட்டார்கள். குறிமடிப்புகளும் மேடுகளும் நடுவில் ஒட்டிய தடம் அது. கிரேக்க மூலத்துக்குத் தையல் என்று பொருள். ‘இடைவரை’, ‘நடுக்கோடு’ என்று வந்தவை எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்கின்றன, எப்படி வந்தது என்று சொல்லவில்லை. நாம் கைலி வாங்கினால் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு தையல் போடக் கொடுக்கிறோம். அதற்குப் பெயர் மூட்டுவது. ‘மூட்டுவரி’ என்று வைக்கலாமா? முழங்கால் மூட்டு நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டும், படத்தைப் பார்த்ததும் போய்விடும்.

இந்தச் சொல் கிடைத்தால் ஹைப்போஸ்பேடியாஸையும் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம். மூட்டு நுனிவரை போகாமல் வழியில் நின்றுவிட்டது, அதனால் சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருக்கிறது. 200 முதல் 300 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் வருவது, அபூர்வமில்லை. அதற்கு வந்த ஆலோசனைகளில் ‘கீழ்த்துளை’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘பிறவி ஊனக்குறி’ என்று ஒரு பழைய கையேட்டில் பார்த்தேன், பெற்ற தாயிடம் அதை எப்படிச் சொல்வது? சொல் எளிதாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கீழ்த்துளை உள்ள குழந்தைக்கு அறுவை மருத்துவரைக் கேட்காமல் சுன்னத் செய்துவிடக் கூடாது. துளையைச் சரிசெய்யும்போது அந்த முன்தோல் தேவைப்படலாம். செவிலியர் இதை வீட்டாருக்கு வாயால் சொல்ல வேண்டியிருக்கும். கிரேக்கத்தில் சொன்னால் ஏறாது.

குறிமுளை, குறிமேடு, ஆணுருவாக்கம், முல்லர் தேய்வு ஹார்மோன் நாலும் வரைவில் ஏறிவிட்டன. மூட்டுவரி, கீழ்த்துளை இரண்டையும் பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறேன். பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இலங்கை நண்பர்கள், அங்கே பாடநூலில் ரேஃபிக்கு வேறு சொல் இருந்தால் அதற்குள் அனுப்புங்கள், அடித்துவிட்டு அதையே எழுதுகிறேன்.

அன்புடன்.