81 வயது அப்பாயியோடு தஞ்சாவூர், கும்பகோணம்: இரண்டு நாளில் எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

வேளச்சேரிவாசி:
அப்பாயிக்கு 81 வயது, முட்டி தேய்மானம். சமதளத்தில் ஐந்து நிமிடம் நடப்பார், படி என்றால் கைப்பிடி வேண்டும். சின்ன வயதில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு பெரிய கோயிலுக்குப் போன கதையை மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார், அதற்குப் பிறகு போகவே இல்லையாம். தை மாதம் ஒரு வெள்ளி இரவு சென்னையில் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பலாம் என்று இருக்கிறேன். அப்பா ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்: பெரிய கோயில், அரண்மனை, திருவையாறு, சுவாமிமலை, தாராசுரம், கும்பேஸ்வரர், சாரங்கபாணி, போதாததற்கு நவக்கிரகக் கோயில்களில் "முடிந்தவரை". படித்ததற்கே எனக்கு மூச்சு வாங்குகிறது. எதை வெட்டலாம்? சக்கர நாற்காலி எடுத்துப் போகலாமா? அதில் உட்காரவே மாட்டேன் என்று இப்போதே அடம்.

காவிரிக்கரை:
தம்பி, முதலில் நவக்கிரகத்தை அடித்துவிடுங்கள். ஒன்பதும் ஒன்பது ஊர், திருநள்ளாறு அந்தப் பக்கம் காரைக்காலில் இருக்கிறது, இரண்டு நாளும் கார் சீட்டிலேயே போய்விடும். அடுத்தது சுவாமிமலை. பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருஷங்களின் பெயரில் 60 படி. அப்பாயியைப் பிரபவ பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறுவதற்கு எதற்கு அவ்வளவு தூரம்?

பெரிய கோயிலுக்குக் காலை ஆறரைக்கெல்லாம் போய்விடுங்கள். ஒன்பது தாண்டினால் அந்தக் கல் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, தை மாதமானாலும் சரி. பழைய பருத்திக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். கருவறைக்கு நல்ல உயரமாகப் படிகள் உண்டு, ஏற முடியவில்லை என்றால் விடுங்கள். நந்தி மண்டபத்துப் பக்கம் உட்கார்ந்தால் 216 அடி விமானமும் கண் முன்னால்தான். மதியம் நடை சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், அந்த நேரம் அறையில் தூங்கட்டும். சாயங்காலம் திருவையாறு, 13 கிலோமீட்டர்தான். மேட்டூரில் ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவது வழக்கம் என்பதால் காவிரியைத் தண்ணீரோடு பார்க்கலாம். தியாகராஜர் ஆராதனை நாட்களாகப் பார்த்துப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள், அந்தக் கூட்டம் இவருக்கு ஆகாது. கிளம்பும்போது அசோகா அல்வா வாங்குங்கள். பாசிப்பருப்பில் செய்வது, பல் வேண்டாம்.

ஞாயிறு தாராசுரம். அது மட்டும். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, பெரிய கோயிலுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது, அளவில் சின்னது, கூட்டமும் குறைவு.

முட்டிவலி மாமா:
ரயில் பற்றி யாரும் சொல்லவில்லையே. உழவன் எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து இரவில் கிளம்பி விடியற்காலையில் தஞ்சாவூர். கீழ்ப் படுக்கைக்கென்று மூத்தோர் ஒதுக்கீடு உண்டு, ஆனால் அவரோடு உங்கள் பெயரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அது கிடைக்காது. அவருக்குத் தனியாகப் போடுங்கள். கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே போய்விட்டது, அதைத் தேடாதீர்கள்.

விடுதியில் 24 மணி நேரக் கணக்கு உண்டா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் மதியம் வரை வரவேற்பறை சோபாதான். "லிஃப்ட் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டு நான் ஏமாந்தேன். இருந்தது, எட்டுப் படி ஏறிய பிறகு இருந்தது. தையில் முகூர்த்த நாட்களாக வரும், கும்பகோணத்தில் அறை கிடைப்பது கஷ்டம், தஞ்சாவூரிலேயே இரண்டு நாளும் தங்குங்கள், 40 கிலோமீட்டர் ஒரு விஷயமே இல்லை. சக்கர நாற்காலிக்குப் பதில் மடக்கு ஸ்டூல் ஒன்று கொண்டுபோங்கள். அதை ஊன்றுகோல் என்று சொல்லுங்கள், மறுக்க மாட்டார்.

டிகிரிகாபி:
சாரங்கபாணியை விட்டுவிட்டுக் கும்பகோணம் போய் வந்தேன் என்று சொல்வதெல்லாம் நியாயமா? :)

காவிரிக்கரை:
நியாயமில்லைதான். 2028 மகாமகத்துக்கு வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

வேளச்சேரிவாசி:
போய் வந்துவிட்டோம், எல்லோருக்கும் நன்றி. பெரிய கோயிலில் அப்பாயி விமானத்தை ஒரு நிமிடம் பார்த்தார், "அப்ப இன்னும் பெரிசா இருந்துச்சு" என்றார், அவ்வளவுதான். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வருகிற போகிறவர்களின் புடவையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் விமர்சனம். தாராசுரத்தில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டிருக்கும் சிற்பத்தை, காவலர் ஒருவர் ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்து மறைத்துக் காட்டினார். "இன்னொரு தடவ காட்டு" என்று மூன்று முறை கேட்டார்.

கும்பகோணத்தில் கால் வைத்தது வெற்றிலைக் கடைக்காகத்தான். ஒவ்வொரு கவுளியாகப் பிரித்து, கொழுந்தாகப் பார்த்துப் பொறுக்கி, முந்தானையில் துடைத்து, காம்பைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்கச் சொன்னார். பையில் சின்ன இரும்பு உரல் கொண்டுவந்திருந்தது எனக்குத் தெரியாது, ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு விடுதி அறையில் டொக் டொக் என்று ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவருக்கும் ஒரு வாய் மடித்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நாச்சியார்கோயில் போய்க் குத்துவிளக்கு ஒன்றும் வாங்கினோம், திட்டத்திலேயே இல்லாதது. கடையில் கழற்றிக் காகிதம் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து மாட்டினால் தண்டுக்கு மேல் அகல் உட்கார மாட்டேன் என்கிறது, மரை ஒரு சுற்றுக்கு மேல் இறங்கவில்லை. எண்ணெய் போட்டுத் திருகலாமா, புளி போட்டுத் தேய்க்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் ஏற்ற வேண்டுமாம்.