பழைய பிரஸ்பிட்டேரியன் இதழ்கள்: ஓசிஆரில் பத்திகள் கலந்துவிடுகின்றன, உதவி தேவை

பழையதாள்:
வணக்கம். நியூஜெர்சியில் ஒரு சின்ன தேவாலய நூலகத்துக்குச் சனிக்கிழமைகளில் உதவப் போகிறேன். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் (ஒரு புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவச் சபை) இதழ்களை ஸ்கேன் செய்து, ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி படித்தெடுப்பது) மூலம் தேடக்கூடிய பிடிஎஃப் ஆக்கி மின்னூலகத்தில் ஏற்றுகிறோம்.

1840களின் வார இதழ் ஒன்றில் மாட்டிக்கொண்டேன். நாளிதழ் மாதிரி பக்கத்துக்கு ஆறு நெடுக்குப் பத்திகள். டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் ஆறையும் ஒரே வரியாகச் சேர்த்துப் படிக்கிறது. ஒரு போதகரின் மரண அறிவிப்பு பாதியில் இருமல் மருந்து விளம்பரமாகிவிடுகிறது! ஸ்கேன் நுணுக்கத்தை 300 டிபிஐயிலிருந்து 600 ஆக்கியும் கோப்புதான் வீங்கியது. பிஎஸ்எம் (பக்கத்தை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று சொல்லும் அமைப்பு) 6 போட்டிருக்கிறேன், யாரோ சொன்னார்கள் என்று.

இன்னொன்று. பிரின்ஸ்டன் காலாண்டிதழின் தொகுதிகளில் ஆண்டுக்கு ஆண்டு பெயர் மாறுகிறது, கட்டுரைகளில் எழுதியவர் பெயரே இல்லை. எப்படிப் பட்டியலிடுவது?

ஸ்கேனர்காரன்:
பிஎஸ்எம் 6தான் வில்லன். "இந்தப் பக்கம் முழுக்க ஒரே சீரான எழுத்துத் தொகுதி" என்று நீங்களே சொல்கிறீர்கள், அது நம்பிவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் வழக்கமான 3க்குத் திரும்பும், பத்திகளைத் தானே பிரிக்கப் பார்க்கும். அதற்கு முன் பக்கத்தின் சாய்வை நேராக்குங்கள்.

பத்திகளுக்கு நடுவே உள்ள கோடு மங்கியிருந்தால் 3 கூடத் தடுமாறும். அப்போது ஒவ்வொரு பத்தியையும் தனிப் படமாக வெட்டி ஓட்டுங்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கே 6தான் சரி.

பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிகிறதா? ஸ்கேன் செய்யும் தாளுக்கு அடியில் கறுப்புத் தாள் வையுங்கள். வெட்டுவது, வெளுப்பது எல்லாம் நகலில் மட்டும். ஸ்கேனரிலிருந்து வந்த மூலப் படமான டிஃப் கோப்பில் கை வைக்காதீர்கள்.

அட்டவணைக்காரி:
இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். பிரின்ஸ்டன் இறையியல் பேராசிரியர் சார்ல்ஸ் ஹாட்ஜ் 1825இல் 'பிப்ளிக்கல் ரெப்பர்ட்டரி' என்று தொடங்கிய இதழ் அது. 1830இல் பெயரோடு 'தியாலஜிக்கல் ரிவ்யூ' சேர்ந்தது, 1837இல் அதுவே 'பிரின்ஸ்டன் ரிவ்யூ' ஆனது. அதே 1837இல்தான் பிரஸ்பிட்டேரியன் சபை பழைய பள்ளி, புதிய பள்ளி என்று இரண்டு பிரிவுகளாக உடையத் தொடங்கியது. இரண்டும் மறுபடி சேர்ந்த பிறகு, 1872இல் புதிய பள்ளிக்காரர்களின் இதழோடு இணைந்து 'பிரஸ்பிட்டேரியன் குவார்ட்டர்லி அண்டு பிரின்ஸ்டன் ரிவ்யூ' என்று வந்தது. தொகுதி எண்ணும் அப்போது 1இலிருந்து தொடங்கியது. எண்ணை மட்டும் நம்பி அடுக்கினால் குழப்பம்தான்.

எல்லாவற்றையும் ஒரே பெயரில் போடாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பதிவு, மார்க் (நூலகப் பட்டியலுக்கான கணினிப் பதிவு வடிவம்) புலம் 780இல் முந்தைய பெயர், 785இல் பிந்தைய பெயர். கோப்புப் பெயரில் ஆண்டை முதலில் வையுங்கள்.

ஆசிரியர் பெயருக்கு 1871இல் வந்த அட்டவணைத் தொகுதியைத் தேடுங்கள். 1825 முதல் 1868 வரை யார் எதை எழுதினார்கள் என்று அதில் இருக்கிறது, சிறு வாழ்க்கைக் குறிப்போடு. அதிலிருந்து எடுக்கும் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். இதழில் அச்சான பெயர் இல்லை அது, நீங்கள் சேர்த்தது. எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

பழையதாள்:
இருவருக்கும் நன்றி. 3க்கு மாற்றியதும் பெரும்பாலான பக்கங்கள் ஒழுங்காகிவிட்டன. இறுக்கமாகக் கட்டிய ஒரு தொகுதி மட்டும் நடு மடிப்பில் வளைந்து அடம்பிடித்தது. அதைப் பத்தி பத்தியாக வெட்டினேன், ஒரு சனிக்கிழமை முழுசாகப் போனது.

அக்கா, அந்த 1871 தொகுதி எங்கள் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. முதுகு கிழிந்திருந்ததால் யாரோ கழிக்கும் பெட்டியில் போட்டிருந்தார்கள். முதலில் அதைத்தான் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன்.

ஸ்கேனர்காரன்:
அப்புறம், அந்தப் பெட்டியில் வேறு என்னவெல்லாம் கிடக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள்.